தலை கிடைக்கவில்லை

1

இந்தக் கதை என் அக்காவின் கோபத்திலிருந்து வந்தது. என் கற்பனை என்று யாராவது பாராட்டினால் வாங்கி வைத்துக்கொள்வேன், அது வேறு விஷயம். அக்கா அருங்காட்சியகத்தில் எலும்புக்கூடுகளைப் பொருத்துகிறவள். கழுத்து நீண்ட, இலை தின்னும் டைனோசர் ஒன்றை இரண்டு வருடமாக இரும்புச் சட்டத்தில் நிறுத்திக்கொண்டிருந்தாள். வால் இருந்தது, தூண் மாதிரி நாலு கால் இருந்தது, கழுத்து முழுசாக இருந்தது. தலை மட்டும் கிடைக்கவில்லை.

முதலில் இப்படித்தான் தொடங்கினேன்: பல கோடி ஆண்டுகளுக்கு முன், ஒரு பசுமையான காலைப்பொழுதில், அந்த மாபெரும் விலங்கு தன்—

சீச்சீ. பாடப்புத்தகம்.

2

(இங்கே கொஞ்சம் உடற்கூறு. தாண்டிப் போகிறவர்கள் போகலாம். அக்கா ஏன் சண்டை போட்டாள் என்று பிறகு என்னைக் கேட்காதீர்கள்.)

அத்தனை பெரிய உடம்புக்குத் தலை ஒரு குதிரைத் தலை அளவுதான். மெல்லிய எலும்பு, செத்ததும் சீக்கிரம் கழன்று தொலைந்துபோகும். கழுத்தெலும்புகளுக்குள் காற்றறைகள், இல்லாவிட்டால் அந்த நீளத்தை எந்தப் பிராணி தூக்கும்? மெல்லுவது கிடையாது. கிளையை உருவி, அப்படியே விழுங்கி, மிச்ச வேலையை வயிற்றிடம் விட்டுவிடும். (எனக்கு இதன்மேல் மரியாதை வந்தது இங்கேதான்.) என்ன தின்றது, எப்படித் தின்றது என்பதையெல்லாம் தாடையும் பல்லும்தான் சொல்லும். அது இனத்துக்கு இனம் மாறும். தலையை மாற்றினால் அது வாழ்ந்த வாழ்க்கையையே மாற்றியதாகிவிடும்.

3

அருங்காட்சியக இயக்குநர் வேறோர் இனத்தின் தலையைப் பிளாஸ்டரில் வார்த்து வரவழைத்தார். அவரை வில்லனாக எழுத ஆசைதான், வரவில்லை, நல்ல மனிதர். திறப்பு விழாவுக்கு வரும் குழந்தைகள் முதலில் முகத்தைத்தான் தேடுவார்கள் என்றார். யாருக்குத் தெரியப் போகிறது என்றும் கேட்டார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது தெரியும். இவர் கழுத்து நுனியில் வைத்து மறைக்கப் பார்த்தார்.

"எனக்குத் தெரியுமே, சார்," என்றாள் அக்கா. "கிடைக்கலைன்னா கிடைக்கலைன்னு எழுதி வைப்போம். இன்னொண்ணோட தலைய மாட்டிட்டு இதுதான் அதுன்னு சொல்ல மாட்டேன்."

சாரத்தில் ஏறி, தலையைத் தாங்க வேண்டிய கம்பியை அறுத்துப் போட்டாள். வேலை போயிற்று. வேறு ஆள் வந்து கம்பியைப் பற்றவைத்துத் தலையை மாட்டிவிட்டார். குழந்தைகள் அதோடு படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

4

முடிவு அ: ஒரு மலைச்சரிவில் உண்மையான தலை கிடைக்கிறது, இயக்குநர் மன்னிப்புக் கேட்டு அக்காவைத் திரும்ப அழைக்கிறார். இதைப் போடப்போகும் பத்திரிகை ஆசிரியருக்கு இது ரொம்பப் பிடித்தது.

முடிவு ஆ: ஒரு சிறுமி நிமிர்ந்து பார்த்து, இது இதோட தலை இல்லையே என்று— (வேண்டாம். தீர்ப்புச் சொல்லக் குழந்தையைக் கூப்பிடுவது என் சோம்பேறித்தனம்.)

முதல் முடிவை அக்காவிடம் படித்துக் காட்டினேன். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவள் குழாயை மூடினாள்.

"எனக்கு வேலை வேணும்டா. நெஜமான வேலை. ஜெயிக்க வைக்கிறேன்னு நீயும் ஒரு தலைய மாட்டாத."

எனக்குச் சுரீரென்றது. கிழித்துப் போட்டேன்.

5

ஆசிரியர் கோபித்துக்கொண்டார். கோபிக்கட்டும். நாளைக்கு அக்கா வேறோர் அருங்காட்சியகத்துக்கு நேர்காணலுக்குப் போகிறாள். பழைய வேலை ஏன் போனது என்று கேட்பார்கள்; கம்பியை அறுத்ததைச் சொல்லத்தான் போகிறாள். சொல்லித் தொலைக்காதே என்று கெஞ்சிப் பார்த்தேன், கேட்கிற ஆளா அவள்?

வேலை கிடைக்குமா என்று என்னைக் கேட்காதீர்கள். மேசைக்கு அந்தப் பக்கம், கேள்வி கேட்பவரின் நாற்காலி காலியாக இருக்கிறது. உட்காருங்கள். அவள் உள்ளே வருகிறாள்.