நடந்ததற்குக் கிரெடிட் கிடையாது

1

இந்தக் கதை எரிச்சலில் பிறந்தது. என்னோடு ஒரே வீட்டில் வாடகைக்கு இருந்த ஒர்னெல்லா ப்ரெஸான் ஒரு நாள் சமையலறையில் பையை விட்டெறிந்துவிட்டு, "எழுதுறவன்தானே நீ, இதை எழுது" என்றாள். வட இத்தாலியின் பழைய பல்கலைக்கழகம் ஒன்றில் அவள் நிலவியல் முதுகலை, கடைசி வருடம். அதன் பெயரைச் சொல்லமாட்டேன். பழமையைத் தவிரப் பெருமைப்பட அதற்கு வேறொன்றும் இல்லை, அதையாவது விட்டுவைப்போம்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: அசோரஸ் தீவுகளின் மேல் மேகம் ஒரு வெள்ளை...

(நிறுத்திவிட்டேன். மேகத்துக்கு இங்கே வேலை இல்லை.)

2

ஐரோப்பாவில் மாணவர்கள் வேறு நாட்டுக்குப் போய் ஒரு வருடம் படிக்கலாம். அங்கே வாங்கும் கிரெடிட்டை, அதாவது பாடத்துக்கான புள்ளிகளை, ஊரில் கணக்கில் சேர்த்துக்கொள்வார்கள். விளம்பரங்களில் பல் தெரியச் சிரிக்கும் பிள்ளைகள் அப்படித்தான் சொல்கிறார்கள். ஒர்னெல்லா நம்பினாள். போர்ச்சுகலின் அசோரஸ் தீவுகளுக்குப் போய் எரிமலையியல் படித்தாள். வகுப்புக்கு ஆறு கிரெடிட், மலையில் களப்பயிற்சிக்கு மூன்று. ஊரில் அதே பாடத்துக்கு ஒன்பது. கூட்டிப் பார்க்க முதுகலை தேவையில்லை.

ஊரில் அந்தப் பாடத்தை நடத்தும் பேராசிரியர் தார்சீசியோ வென்தூரினுக்குக் கூட்டத் தெரியவில்லை.

"பாருங்கம்மா, களப்பயிற்சின்னா என்ன? நடந்திருக்கீங்க. நடக்குறதுக்கெல்லாம் நாங்க கிரெடிட் தர்றதில்லை."

"போறதுக்கு முன்னாடி நீங்கதானே சார் கையெழுத்துப் போட்டீங்க?"

"பரிசீலிப்பேன்னு போட்டேன். பரிசீலிச்சாச்சு."

முழுப் பாடத்துக்கும் தன்னிடமே மறுபடி தேர்வுக்கு வரச் சொன்னார்.

(இவருக்கு ஒரு நல்ல குணமாவது தர முயன்றேன். வில்லன் தட்டையாக இருக்கக்கூடாதாமே. ஒரு கிழட்டு நாயை வளர்க்கிறார் என்று எழுதினேன். ஒர்னெல்லா படித்துவிட்டு, "நாயா? அந்த ஆளுகிட்டயா?" என்றாள். அடித்துவிட்டேன். சில மனிதர்கள் தட்டைதான்.)

3

வாய்மொழித் தேர்வு. சுற்றிலும் மாணவர்கள் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார்கள். வென்தூரின் பல வருடமாக எரிமலைப் பாடம் நடத்துகிறார். ஒன்றின் மேலும் ஏறியதில்லை. சொந்த நாட்டிலேயே எரிமலைகள் புகைகின்றன. முழங்கால் ஒத்துழைக்கவில்லையாம்.

"நச்சு வாயு வர்ற பிளவை எப்படிக் கண்டுபிடிப்பீங்க?"

"முதல்ல காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு பார்ப்பேன் சார். பக்கத்துல பாசி கருகியிருக்கும். ஷூ அடியில சூடு ஏறும்."

"என் புத்தகத்துல ஷூவைப் பத்தி ஒண்ணும் இல்லையே."

யாரோ சிரித்தார்கள். முப்பதுக்குப் பதினெட்டு போட்டார். அதற்கு ஒன்று குறைந்தால் தோல்வி.

பிடிக்காத மதிப்பெண்ணை மறுத்துவிட்டு மறுபடி தேர்வுக்கு வரும் உரிமை இங்கே மாணவருக்கு உண்டு. ஆனால் அடுத்த தேர்வு செப்டம்பரில். தீவின் எரிமலைக் கண்காணிப்பு நிலையத்தில் அவளுக்கென்று வைத்திருந்த வேலையோ ஜூலையில், அதுவும் பட்டத்தோடு வந்தால்தான்.

"ஏத்துக்குறீங்களா?" என்றார்.

4

அவள் நிமிர்ந்து, "வேணாம் சார், நீங்களே வெச்சுக்குங்க" என்றாள். அறையே கைதட்டியது.

இப்படி எழுதி அவளிடம் காட்டினேன். படித்துவிட்டுத் தாளை என் பக்கம் தள்ளினாள்.

"உன் கதை நல்லா முடியணும்னு நான் வேலையை விடணுமா? ஏத்துக்கிட்டேன்டா. ரொம்ப நன்றி சார்னு வேற சொன்னேன். அதையும் எழுது."

எழுதிவிட்டேன். வெளியே வந்து கழிவறையில் வெகுநேரம் முகம் கழுவியிருக்கிறாள். ஜூலையில் தீவுக்குப் போனாள்.

5

அதோடு முடித்திருப்பேன். போன வாரம் அவள் தொலைபேசியில் கூப்பிட்டாள். வென்தூரின் மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறாராம். தன் மாணவர்களைத் தீவுக்குக் களப்பயிற்சிக்கு அனுப்ப ஆசைப்படுகிறார். 'எங்கள் தலைசிறந்த மாணவி' வழிகாட்ட முடியுமா? பிள்ளைகளுக்குக் கிரெடிட் உண்டாம்.

"வெக்கமே கிடையாதா அந்த ஆளுக்கு?" என்றேன்.

"அது இருந்தா பேராசிரியர் ஆகியிருப்பாரா?"

திட்டி மூன்று பதில்கள் எழுதி அனுப்பினேன். மூன்றையும் படித்துச் சிரித்தாள். ஒன்றையும் அவருக்கு அனுப்பவில்லை.

"வரச் சொன்னா பேரு அவருக்குப் போகும். வேணாம்னா பசங்க என்ன பண்ணுவாங்க, பாவம். அந்த ஆளு காட்டுற படத்தைத் தவிர அதுங்க எதையும் பார்த்ததில்லை."

இதற்கு மேல் என்னிடம் கதை இல்லை. பதில் இன்னும் போகவில்லை. உங்களுக்குத் தோன்றுவதை நீங்கள் எழுதுங்கள், எவ்வளவு காரமாக வேண்டுமானாலும். அனுப்புவதற்கு முன் ஒன்று: அதைப் படிக்கப்போவது அவர்; மலையைப் பார்க்காமல் இருக்கப்போவது அந்தப் பிள்ளைகள்.