வாளியும் நாற்காலியும்

திரையில் அந்தக் கார்ட்டூன் சிறுமி அழத் தொடங்கியதும் நான் மறுபடி எழுந்துபோய் ஜன்னல் கொக்கியைச் சரிபார்த்தேன். அது சரியாகத்தான் இருந்தது. தட்டு அகலத்துக்குக் கண்கள், மூக்கென்று ஒரு புள்ளி. இந்த முகம் அழுதால் எனக்கென்ன? ஆனால் மச்சான், என் மனைவியின் அண்ணன், மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தார். மகள் படத்தைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அனிமே என்கிற ஜப்பானியக் கார்ட்டூன் படங்களுக்குப் பின்னணிக் காட்சிகள் வரைவது அவள் வேலை. கம்ப்யூட்டர் வேலை என்றுதான் சொந்தக்காரர்களிடம் சொல்லியிருந்தேன். இன்று மாமாவிடம் அவளே போட்டு உடைத்துவிட்டாள். "நாளைக்குக் கிளம்புறேன்பா. இது நான் வரைஞ்ச படம், ஒரு தடவை முழுசா பாருங்க. பிடிக்கலைன்னா பிடிக்கலைன்னு சொல்லுங்க, இனிமே கேக்க மாட்டேன்."

உட்கார்ந்தேன். கால் நிலைகொள்ளவில்லை. கதை எங்கோ போய், ஆளில்லாத ஒரு சமையலறையில் நின்றது. வெளியே மழை. கூரையிலிருந்து ஒவ்வொரு சொட்டாகக் கீழே ஒரு வாளிக்குள். விளிம்பு நசுங்கிய, கைப்பிடிக்குக் கம்பி சுற்றிய வாளி.

எங்கள் பழைய வீட்டு வாளி.

ரிமோட்டைப் பிடுங்கி அமுக்கினேன். "படம் நின்னுடுச்சு" என்றேன்.

"மழை பெஞ்சுகிட்டுதான இருந்துச்சு மாப்பிள்ளை? எங்க நின்னுச்சு?" என்றார் மச்சான்.

"நிக்கலப்பா. போடுங்க." மகளின் குரல் தாழ்ந்திருந்தது.

அந்த வீட்டுக்கு யார் வந்தாலும் முதலில் வாளியை ஒளித்துவிடுவேன். சொட்டும் இடத்தில் நாற்காலியைப் போட்டு நானே நிமிர்ந்து உட்கார்ந்துகொள்வேன். வலது தோள் நனைந்திருக்கிறதே என்று இதே மச்சான் ஒருமுறை கேட்டார். இப்போதுதான் குளித்தேன் என்றேன். அப்போது மகள் சிறு பிள்ளை, மூலையில் எதையோ கிறுக்கிக்கொண்டிருப்பாள். ஒன்றும் தெரியாதென்று நினைத்திருந்தேன்.

ரிமோட்டை அமுக்கினேன். காட்சி மாறியது. அதே சமையலறை, வாளியைக் காணோம். அது இருந்த இடத்தில் ஒரு மர நாற்காலி. சாய்வுப் பலகையின் வலது ஓரம் மட்டும் ஈரத்தில் ஊறிக் கறுத்திருந்தது.

"நாற்காலியைத் தள்ளிப் போடக்கூடத் தெரியாதாம்மா அந்த வீட்டு ஆளுங்களுக்கு?" மச்சான் சிரித்தார்.

இப்போது மகள் என்னையும் பார்க்கவில்லை.

நான் எழுந்திருக்கவில்லை. முதுகை நிமிர்த்தி, வலது தோளை அசைக்காமல் உட்கார்ந்திருந்தேன். திரையில், அந்தக் கூரையில் அடுத்த சொட்டு திரண்டு, விழாமல் தொங்கிக்கொண்டிருந்தது.