காருக்குப் பட்ட திருஷ்டி

என் தம்பி பிரதீஷுக்கு வாய் சும்மா இருந்தாலும் கை சும்மா இருக்காது. 2005ஆம் ஆண்டு, எங்கள் பதுளைக் கடைக்குத் துணி எடுக்க அப்பா திருச்சிக்குப் போயிருந்த நேரம் பார்த்து, அந்தக் கை அப்பாவின் ஜப்பான் கார் மேல் விழுந்தது. மெக்கானிக் பாறூக் நானாவின் கராஜுக்குக் கொண்டுபோய், புகைக்குழாயின் நடுவிலிருந்த பெட்டியைக் கழற்றி எறிந்துவிட்டு நேர்க்குழாய் ஒன்றைப் போட்டு, வாலில் வாயகன்ற சைலன்சர் ஒன்றையும் மாட்டிக்கொண்டு வந்தான். ஸ்பிரிங்வெளி ஏற்றத்தில் அவன் ஏறினால் எங்கள் வீட்டு அடுப்படியில் கேட்டது.

"புது சைலன்சர்மா, போகப் போகச் சத்தம் கொறஞ்சிடும்" என்றான். அம்மா நம்பினாள். மகன் சொன்னால் மத்தியானத்தையும் ராத்திரி என்று நம்புகிறவள் அவள்.

மூன்றாம் நாள் காரின் முன்பலகையில் எஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிந்தது. துரை மாதிரிச் சுற்றிய தம்பி மறுபடியும் கராஜுக்கு ஓடினான். நானும் கூடப் போனேன், வேடிக்கை பார்க்க.

"அந்தப் பெட்டிதான் தம்பி புகையச் சுத்தம் பண்றது" என்றார் பாறூக் நானா. "அதுக்கு முன்னுக்கு ஒரு சென்சர், பின்னுக்கு ஒரு சென்சர். பின்னுக்கு இருக்கிறது பாக்குது, புகை அழுக்காவே வருது. அதான் லைட்டப் போடுது. கழட்டக்குள்ளயே சொன்னேனே?"

"பெட்டியத் திருப்பி மாட்டினா சத்தம் போயிடுமே நானா" என்று என் தம்பி அழமாட்டாத குறையாகச் சொன்னான். அப்படியே விட்டுவிட்டு வந்தோம்.

அடுத்த நாள் கோயிலுக்குப் போகக் காரில் ஏறிய அம்மா அந்த விளக்கைப் பார்த்துவிட்டாள். "என்னடா இது மஞ்சளா?"

"தெரியலம்மா."

"புதுச் சத்தத்தோட ஊரெல்லாம் சுத்துனா? திருஷ்டிடா. கண்ணு பட்டிருக்கு."

அவன் தலையாட்டினான். அந்தத் தலையாட்டலை நினைத்தால் இன்றும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வசவோடு போயிருக்கும்.

அம்மா எலுமிச்சம்பழம் கட்டினாள். உப்பும் மிளகாயும் சுற்றிப்போட்டாள். கடைசியில் பூசணிக்காயே உடைத்தாள். விளக்கு அது பாட்டுக்கு எரிந்தது.

இதற்கிடையில் பெண் பார்க்கும் நாள் வந்தது. தெமோதரையில் கனகரத்தினம் ஐயா வீடு. யாழ்ப்பாணத்துக்காரர், அரசாங்கக் கச்சேரியில் பெரிய உத்தியோகம். மகள் கம்சலா டீச்சர். தம்பிக்கு அவள் மேல் உயிர். "அவங்க பழக்கம் வேற, நம்ம பழக்கம் வேற" என்று நின்ற அம்மாவைக் கரைக்க எங்களுக்கு ஒரு வருஷம் பிடித்தது. அப்பாகூட, "ஒங்கம்மா சரின்னா எனக்கும் சரி" என்று சொல்லிவிட்டுத்தான் விமானம் ஏறினார்.

சம்பந்தி வீட்டுக்குப் போகும்போது விளக்கு மானத்தை வாங்கக்கூடாது என்று, முந்தின நாள் தம்பி பெற்றரி வயரைக் கழற்றி மாட்டினான். விளக்கு அணைந்தது. பூசணிக்காய் வேலை செய்துவிட்டது என்று அம்மாவுக்கு ஒரே பூரிப்பு. அங்கே அம்மாவுக்குப் பெண்ணையும் பிடித்துப்போனது. அவள் கொடுத்த தேத்தண்ணியைப் பற்றிச் சொல்லிக்கொண்டேதான் காரில் ஏறினாள். பாதி வழி வந்திருப்போம், சென்சர் தன் வேலையைக் காட்டியது. மஞ்சள் விளக்கு மறுபடி எரிந்தது.

அம்மா அதைப் பார்த்துவிட்டாள். வீட்டு வாசலில் இறங்கியதும் முடிவைச் சொன்னாள். "அந்த வீட்டுக் கண்ணு நமக்கு ஆகாது. இந்தச் சம்பந்தம் வேணாம்." மறுநாளே ஜாதகம் பொருந்தவில்லை என்று ஆள் சொல்லி அனுப்பிவிட்டாள்.

"போய் உள்ளதச் சொல்லுடா" என்றேன்.

"அப்பா கொன்னுடுவாரு அக்கா. லைட்ட நிரந்தரமா அணைச்சிட்டா அம்மா மனசு மாறிடும்."

கெட்டிக்காரன் அல்லவா! பாறூக் நானாவிடம் போய், பின் சென்சருக்கும் குழாய்க்கும் நடுவே ஒரு இரும்புத் துண்டை வைத்துச் சென்சரைக் கொஞ்சம் வெளியே தள்ளிவிட்டான். சென்சருக்குப் புகை சரியாக எட்டவில்லை. அதனால் குறை சொல்லவும் இல்லை. விளக்கு அணைந்தது, அணைந்தபடியே இருந்தது.

அம்மா சாமி படத்துக்குக் கற்பூரம் காட்டினாள். "பாத்தியா நிவேதிகா? அந்த வீட்ட வேணாம்னதும் காரு சுத்தமாயிருச்சு!"

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. தம்பியின் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது. அவன் அப்படியே கதிரையில் உட்கார்ந்துவிட்டான். அன்று சாயங்காலம் அம்மாவிடம் எல்லாவற்றையும் கொட்டினான்.

அம்மா நம்பவில்லை! "அந்தப் புள்ளைக்காக நீ எதையும் சொல்லுவ."

வேறு வழியில்லாமல் பாறூக் நானாவையே வீட்டுக்குக் கூட்டிவந்தோம். எங்கள் முற்றத்தில், அம்மாவைச் சாரதி இருக்கையில் உட்காரவைத்து, அடியில் புகுந்து சென்சரின் வயரைக் கழற்றினார். இரண்டு மூன்று தரம் எஞ்சினை நிறுத்தி மறுபடி ஸ்டார்ட் பண்ணியதும் விளக்கு எரிந்தது. கண் போட அங்கே வேறு யாரும் இல்லை. அம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்த வீட்டு ஆளுங்கள என்னவெல்லாம் நெனைச்சிட்டேன்" என்றாள். பிறகு, "ஏறுங்க" என்றாள்.

கனகரத்தினம் ஐயா எங்களைக் கண்டதும் சிரிக்கவில்லை. "வாங்கோ, இருங்கோ" என்றார், அவ்வளவுதான். தம்பி நின்றபடியே குழாய், பெட்டி, சென்சர், பூசணிக்காய் எல்லாம் சொன்னான். ஐயாவின் உதடு துடித்தது. சிரிப்பை அடக்குகிறார் என்று எனக்குத் தெரிந்தது. ஆனால் கதவருகில் நின்ற கம்சலா சிரிக்கவில்லை. கண்கள் வீங்கியிருந்தன.

"என்ரை சாதகத்திலை என்ன பிழையெண்டு அம்மா மூண்டு பேரிட்டைக் கொண்டுபோய்க் காட்டினவ" என்றாள். "நீங்கள் ஆருக்குப் பயந்தனீங்கள்?"

"அப்பாவுக்கு."

"ஒரு பைப்புக்கே வாய் திறக்கப் பயந்தனீங்கள். நாளைக்கு எனக்கு ஒண்டெண்டா என்னெண்டு வாய் திறப்பியள்?"

எனக்குத் தம்பியைக் கிண்டல் செய்ய ஆயிரம் இருந்தது. அந்த நேரம் ஒன்றுகூட வரவில்லை. பாவமாக இருந்தது, அவளைப் பார்த்து இன்னும் பாவமாக இருந்தது.

தம்பி ஓரடி முன்னால் வந்தான். சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து அங்கேயே திருச்சிக்கு அடித்தான். "அப்பா, நான் காரக் கெடுத்துட்டேன்" என்று தொடங்கி, ஒன்றையும் மறைக்காமல் சொன்னான். ஜாதகம் என்று பொய் சொன்னதையும் அம்மா தலையில் போடாமல், தன்னால் வந்தது என்றான். பிறகு போனைக் காதிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்தான். அப்பாவின் கத்தல் அறை முழுவதும் கேட்டது. அவன் வைக்கவும் இல்லை, வெளியே போகவும் இல்லை. "ஆமாப்பா, என் தப்புதான்பா" என்று மட்டும் சொல்லிக்கொண்டு நின்றான்.

கம்சலா அந்தக் கத்தலையும் அவன் பதிலையும் கேட்டாள். பிறகு நேரே வந்து அவன் கையிலிருந்து போனை வாங்கினாள்.

"மாமா," என்றாள், "நான் கம்சலா கதைக்கிறன். காணும், ஏசினது போதும், நிப்பாட்டுங்கோ."

திருச்சியில் சத்தம் நின்றது. அம்மா எழுந்து வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.