கித்தாருக்கு வைத்த பொட்டு

விஜயதசமியன்று காலை எட்டு மணிக்குப் பவதாரிணி கித்தார் உறையைத் திறந்தாள். திறந்த வேகத்தில் ஒத்தக்கடை ஊரில் பாதிக்குக் கேட்கும்படி கத்தினாள். கித்தாரின் கழுத்தில் குறுக்காகப் பதித்த இருபது ஃபிரெட் கம்பிகளுக்கு நடுவே, ஓரிடம் விடாமல், சந்தனமும் அதன்மேல் குங்குமமும் காய்ந்து கிடந்தன.

புருஷன் வெள்ளைத்துரை ஓடி வந்தான். லேத் பட்டறை வைத்திருப்பவன். முந்தைய நாள் ஆயுத பூஜைக்குப் பட்டறையில் திருப்புளி வரைக்கும் பொட்டு வைத்துவிட்டு வந்தவனுக்கு அப்போதும் கை அடங்கவில்லை போலிருக்கிறது.

"யாராச்சும் கித்தாருக்குப் பொட்டு வைப்பாகளாங்க? பத்து மணிக்கு ஹஃபீஸா அக்கா வாராக!"

மருந்துக்கடை ஹஃபீஸாதான் பவதாரிணியின் முதல் மாணவி. வாசலில் கித்தார் வகுப்பு என்று போர்டு மாட்டி மூன்று மாதத்தில் சேர்ந்த ஒரே ஆளும் அவர்தான். அவர் முன்னால் கித்தார் கரகரத்தால் வகுப்பு அன்றோடு சரி.

"இம்புட்டுதானா? ஒரு தேய் தேய்ச்சா போயிரும்" என்று அவன் பையிலிருந்து உப்புத்தாளை எடுத்தான்.

"அது மரங்க! தொட்டீகன்னா நான் எங்கம்மா வீட்டுக்குப் போயிருவேன்."

உப்புத்தாள் வந்த வழியே பைக்குள் போனது. மீட்டும் கம்பிகளைக் கழற்றினார்கள். அவள் பழைய டூத் பிரஷ்ஷால் காய்ந்த சந்தனத்தை உதிர்த்தாள். நன்றாகப் பிழிந்த துணியால் துடைத்து, உடனே ஈரத்தை ஒற்றி எடுத்தாள். பொட்டு போனதும் அடியில் இன்னொன்று தெரிந்தது. வருஷக்கணக்கான விரல் அழுக்கு, ஃபிரெட் ஓரமெல்லாம் கறுப்பாகப் படிந்திருந்தது.

"என் பொட்டு நேத்து வச்சது. இது எந்தப் பூஜைக்கு வச்சது?" என்றான்.

கோபத்தைப் பிடித்துவைக்க அவள் எவ்வளவோ பார்த்தாள். சிரிப்பு வந்துவிட்டது.

மரத்தை மறைத்து டேப் ஒட்டி, மெல்லிய ஸ்டீல் நாரால் ஃபிரெட்டுகளை அவன்தான் தேய்த்தான். இரும்போடு பழகிய கை, மரத்தில் ஒரு கீறல் விழவில்லை. அவள் மரத்துக்கு இரண்டு சொட்டு கித்தார் எண்ணெய் விட்டுத் துடைத்து, கம்பி மாட்டிச் சுருதி சேர்த்து முடிக்கும்போது பத்துக்கு ஐந்து நிமிடம் இருந்தது.

ஹஃபீஸா வந்து உட்கார்ந்தார். பவதாரிணி பயந்துகொண்டே ஒரு முறை மீட்டினாள். வாங்கிய புதிதில்கூட அது அப்படி ஒலித்ததில்லை.

"சந்தனம் மணக்குதே, இதுக்குன்னு தனி பாலிஷா?" என்று கேட்டார் ஹஃபீஸா.

வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்த வெள்ளைத்துரை தலை நிமிராமல் பதில் சொன்னான்.

"நேத்து ஆயுத பூஜைக்கு நான்தாக்கா பொட்டு வச்சேன். பட்டறையில எல்லாத்துக்கும் வச்சிட்டு, இவ தொழில் சாமானை மட்டும் எப்படி விடுறது?"

சொந்தக்காரர்கள் யார் கேட்டாலும் 'அவ சும்மா வீட்லதான் இருக்கா' என்று சொல்லிக்கொண்டிருந்த மனுஷன் அவன். பவதாரிணிக்குச் சந்தோஷத்தில் கண் நிறைந்துவிட்டது. மாணவிக்குச் சொல்லித்தர வேண்டிய, சுரங்களைச் சேர்த்து மீட்டும் முதல் கார்டை டீச்சரே தப்பாக வாசித்தாள்.