மூன்றிலேயே நுழைந்த சாக்சபோன்

நியூ ஆர்லியன்ஸில் அல்சீட்டுக்கு இருந்த கெட்ட பெயர் ஒன்றே ஒன்றுதான். ஸ்டுடியோ கூப்பிட்டால் போய் நட்சத்திரங்களின் பின்னால் நின்று சாக்சபோன் வாசித்துக்கொடுப்பது அவர் பிழைப்பு. 1956இல் ஒரு ராக் அண்ட் ரோல் பாட்டில், எல்லோரும் சட்டென்று நிறுத்தி, நான்கு எண்ணி முடித்து நுழைய வேண்டிய இடத்தில் மனிதர் மூன்றிலேயே புகுந்துவிட்டார். பாடகனுக்கு ரயில் பிடிக்கும் அவசரம். "இதுவே போதும்" என்று தொப்பியை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டான். இசைத்தட்டு நாடெங்கும் விற்றது. வாசித்தவர்கள் பெயரை உறையில் போடும் வழக்கமெல்லாம் அப்போது கிடையாது. ஆனால் அந்தத் தப்பு யாருடையது என்று மட்டும் இறால் விற்கிறவள் வரைக்கும் தெரியும்.

முப்பத்திரண்டு வருடமாக அல்சீட் சொன்னது ஒன்றுதான்: டிரம்ஸ் வாசித்த வில்பர்ட் பக்கமிருந்து ஏதோ சத்தம் வந்தது, அதை நம்பி நுழைந்தேன். வில்பர்ட்டின் பதிலும் மாறவில்லை. "நான் மூச்சே விடலடா. உனக்கு எண்ணத் தெரியல." இப்படிச் சொல்லிக்கொண்டே திங்கட்கிழமை தவறாமல் அல்சீட் வீட்டுக்கு வந்து, சோற்றின் மேல் நான்கு கரண்டி சிவப்பு பீன்ஸ் போட்டு மூக்குப் பிடிக்கத் தின்றுவிட்டுப் போவார்.

அப்படி ஒரு திங்கட்கிழமை மதியம், லண்டன் வானொலி ஒன்றிலிருந்து ஹில்டா என்ற பெண் ஒலிப்பதிவுக் கருவியோடு வந்து உட்கார்ந்தாள்.

"சாக்சபோன் மூணுலயே உள்ள வருதே, அதுக்காகவே எங்க ஊர்ல அந்தப் பாட்டக் கேக்குறாங்க சார். யாரோட யோசனை அது?"

அல்சீட் வாயைத் திறப்பதற்குள் வில்பர்ட் பீன்ஸை விழுங்கினார். "நான்தாம்மா சைகை கொடுத்தேன்."

"அடப்பாவி! திட்டு வாங்க நான், பேரு வாங்க நீயா?"

"திட்டு உனக்குப் பழகிப்போச்சு. பேரு புதுசுடா, உடம்புக்கு ஒத்துக்காது."

ஹில்டா சிரித்தாள். "ஒரு தடவ அதே மாதிரி வாசிச்சுக் காட்டுங்க அல்சீட் சார். உங்க பேர வானொலியில சொல்லிடறேன்."

எழுபது வயதில் ஒருமுறையாவது தன் பெயரை யாராவது உரக்கச் சொல்ல வேண்டும் என்று அல்சீட்டுக்கு வெட்கமில்லாத ஆசை இருந்தது. வாத்தியத்தை எடுத்தார். வில்பர்ட் கோட்டுப் பையிலிருந்து குச்சிகளை உருவி நாற்காலியில் தாளம் பிடித்தார். நிறுத்தம் வந்தது. அல்சீட் அச்சுப் பிசகாமல் நான்கையும் எண்ணி முடித்து நுழைந்தார்.

மறுபடியும் நான்கு. அதற்கடுத்ததும் நான்கு. கல்யாணமோ சவ ஊர்வலமோ, அந்த ஒரு அவமானத்துக்குப் பயந்து இத்தனை வருடம் எண்ணியே வாசித்த உடம்பு. அதற்குத் தப்பு செய்யவே வரவில்லை. ஹில்டா மரியாதையாகக் கடிகாரத்தைப் பார்த்தாள். அல்சீட் வாத்தியத்தை மறுபடியும் தூக்கினார்.

"கடைசியா ஒரு தடவ" என்றார்.

நிறுத்தம். ஒன்று. இரண்டு. டக்! வில்பர்ட்டின் குச்சி தரையில் விழுந்தது. தூக்கிவாரிப்போட்ட அல்சீட் மூன்றிலேயே பாய்ந்தார். இசைத்தட்டில் இருப்பது அப்படியே வந்தது. ஹில்டா கைதட்டினாள்.

அல்சீட் குச்சியைப் பார்த்தார். பிறகு வில்பர்ட்டைப் பார்த்தார். வில்பர்ட் தன் காலித் தட்டைப் பார்த்தார்.

"அன்னைக்கும் இதேதானா?"

"கை வேர்த்துருச்சுடா. சொன்னா அடுத்த பாட்டுக்குக் கூப்பிட மாட்டாங்கன்னு பயம். அப்புறம் சொல்றதுக்கு ஒரு நல்ல திங்கக்கிழமை அமையல."

"இப்ப யார் பேரச் சொல்லட்டும்?" என்றாள் ஹில்டா.

"என் பேரச் சொல்லும்மா. இவன் பேரையும் சொல்லு. குச்சியக் கீழ போட்டவர்னு சேத்துச் சொல்லு, லண்டன் முழுக்கக் கேக்கட்டும்."

முப்பத்திரண்டு வருடத்தில் முதல் முறையாக வில்பர்ட் எதிர்த்துப் பேசாமல் தட்டை நீட்டினார். அல்சீட் பீன்ஸை எண்ணிப் போட்டார். மூன்று கரண்டியோடு நிறுத்திக்கொண்டார்.