வீரபாண்டி கேட்டது

நாகலிங்கம் பரோட்டாவைப் பிய்த்துச் சால்னாவில் ஊறப்போட்டு விரலால் மசித்துக்கொண்டிருந்தான். ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவன் அக்கா புருசன் வீரபாண்டி கண்ணை மூடிக் கிடந்தார். இரண்டு கிட்னியும் நின்றுவிட்டன. இனி அவர் ஆசைப்பட்டதைக் கொடுக்கலாம் என்று மலையாள நர்ஸ் காலையில் சொல்லிவிட்டுப் போனாள். அவள் சொன்ன விதத்திலேயே அவனுக்கு விளங்கிவிட்டது.

"வாயத் தொறங்க மாமா. நம்ம விருதுநகர் பொரிச்ச பரோட்டா. தேடிப் பிடிச்சு வாங்கியாந்தேன்."

ஒரு வாய் வாங்கினார். அது உதட்டோரம் வழிந்தது.

"இது இல்ல மாப்ள. ஆண..."

நாக்கு தடித்திருந்தது.

"என்ன மாமா?"

"ஆண...ம்."

துபாய்க்கு வந்த நாளிலிருந்து வீரபாண்டிக்கு ஷட்டரிங் வேலை. பலகை அடிப்பதும், கான்கிரீட் இறுகியதும் பலகையைப் பிரித்து ஆணி பிடுங்குவதும்தான் அவர் பிழைப்பு. காய்ச்சல் வேகத்தில் மனுசன் சைட்டில் நிற்கிறார் என்று நாகலிங்கம் நினைத்தான்.

"ஆணியெல்லாம் பெறக்கியாச்சு மாமா. டப்பாவுல போட்டு மூடியாச்சு. யாரு கால்லயும் ஏறாது. நீங்க சாப்பிடுங்க."

வீரபாண்டி அவனையே பார்த்தார். இன்னொரு முறை வாயைத் திறந்தார். பிறகு மூடிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். சாயங்காலம் பாங்கு கேட்டபோது மூச்சு நின்றிருந்தது.

மறுநாள் அவருடைய சாமான்களை எடுக்க, அவர் தங்கியிருந்த அல் குசைஸ் கேம்ப்புக்குப் போனான். அவனுக்கு ஜபல் அலியில் வேலை. மாமாவைப் பார்ப்பதெல்லாம் லீவு நாளில் பஸ் ஸ்டாண்டில்தான். அந்த ரூமில் அவன் ஒருநாளும் சாப்பிட்டதில்லை. ரூமுக்குச் சமைக்கிற சுஐபு பாய், கீழக்கரைக்காரர், மாமாவின் கைலிகளை மடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"கடைசியில ஏதாச்சும் பேசுனாரா தம்பி?"

"சைட் நெனப்புதான் பாய். ஆணி, ஆணின்னாரு. எல்லாம் பெறக்கியாச்சுன்னு சொன்னேன். அப்புறம் பேசல."

சுஐபு பாயின் கை நின்றது.

"ஆணின்னா சொன்னாரு?"

"ஆணம்னு இழுத்தாரு."

பாய் கைலியோடு கட்டிலில் உட்கார்ந்துவிட்டார்.

"அது ஆணம்தான் தம்பி. எங்க ஊருல கொழம்ப அப்படித்தான் சொல்லுவோம். தேங்காப்பால் ஊத்துன கறி ஆணம். வந்த புதுசுல என்னா பேச்சுப் பேசுவாரு! 'பாய், இது கொழம்பா பாயாசமா'ம்பாரு. 'ஒங்க சால்னாவுல மொகம் பாக்கலாம்யா, கறியத்தான் பாக்க முடியாது'ன்னு நானும் விடமாட்டேன். பின்னால என்னாச்சு? ஜும்மா முடிஞ்சு நான் வாரதுக்குள்ள தேங்காய ஒடச்சு வச்சிட்டு, குபூஸ் ரொட்டியும் கையுமா உக்காந்திருப்பாரு."

"பெறக்கியாச்சுன்னு சொன்னேனே பாய்" என்றான் நாகலிங்கம். பாய் மடித்த கைலியைப் பிரித்து மறுபடி மடித்தார்.

அப்போது செல் அடித்தது. ஊரிலிருந்து பானுமதி அக்கா. அழுது அழுது குரல் கட்டியிருந்தது.

"பாடி எப்பத் தம்பி வரும்?"

"பேப்பர் முடியணும்க்கா."

"வந்தபெறகு படையல் போடணும்ல. கடைசியா வாய் விட்டு என்ன கேட்டாரு? சால்னாதான கேட்டாரு? பொட்டுக்கடல அரச்சு நான் வைக்கிற சால்னாதான? தேங்கா பட்டாலே தட்டத் தள்ளிருவாரு."

ஆமா என்று ஒரு சொல் சொன்னால் போதும். அது நாக்கு நுனி வரை வந்துவிட்டது. சுஐபு பாய் குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாமா சுவர்ப்பக்கம் திரும்பியது நாகலிங்கத்தின் கண்ணில் நின்றது.

"இல்லக்கா. வேற கேட்டாரு. தேங்காப்பால் ஊத்துன கறி."

அக்கா மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. பிறகு மெதுவாக, "யாரு ஆக்கிக் குடுத்தா?" என்றாள்.

"ரூம்ல ஒரு பாய்க்கா. வயசானவரு. அவரு கைப்பக்குவம்."

"எனக்கு அப்படி வைக்கத் தெரியாதேடா."

நாகலிங்கம் செல்லைப் பாயிடம் நீட்டினான். வேண்டாம் என்று தலையாட்டினார். அவன் நீட்டிய கையை மடக்கவில்லை. கடைசியில் வாங்கிக் காதில் வைத்தார்.

"தங்கச்சி... நான் சுஐபு பேசுறேம்மா." தொண்டையைச் செருமிக்கொண்டார். "கறி வேகுறப்போ ரெண்டாம் பால ஊத்தணும். மொதப் பால எறக்கப் போற நேரத்துலதான். அதுக்கு மேல கொதிக்க விட்டா திரிஞ்சு போயிரும்."

லைன் போய்விட்டதோ என்று செல்லை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி காதில் வைத்தார். நாகலிங்கத்துக்கும் கேட்கும்படி அக்காவின் குரல் வந்தது.

"எத்தன மூடி தேங்காண்ணே?"

சுஐபு பாய் அவளுக்குத் தெரிவதுபோல, மற்ற கையின் உள்ளங்கையை ஒரு மூடிபோலக் குவித்துக் காட்டிக்கொண்டே இருந்தார்.