பெட்டிக்குள் அடைத்த துணி

ஒரே ஒரு ஸ்டார். அதற்குக் கீழே, "துண்டு பத்தல. ஏமாத்து வேலை" என்று எழுதியிருந்தது.

புகார் கொடுத்தவரே அதைத் திரும்ப எடுக்காவிட்டால் வெள்ளிக்கிழமையோடு என் கடையை மூடிவிடுவதாக ஆன்லைன் கம்பெனியிலிருந்து மெயில் வந்துவிட்டது. கடை போனால் நான் சொந்த ஊரான வையம்பட்டிக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான். வீட்டில் முதலில் டிகிரி வாங்கியவள் நான். பி.காம். முடித்துவிட்டு ஸ்ரீரங்கத்தில் மாடி ரூம் எடுத்து, துணிமேல் துணி வைத்துத் தைக்கும் குயில்ட் கிட் விற்கிறேன். வெட்டிய துணிப் பூக்கள், இலைகள், அடியில் விரிக்கும் துணி, நூல், ஊசி, மர வளையம், எதை எங்கே வைத்துத் தைப்பது என்று படம் போட்ட தாள், எல்லாம் ஒரே பெட்டியில். அப்பா இதை ஒட்டுத்துணி வியாபாரம் என்பார். ஒட்டுப் போட்ட வேட்டி கட்டிய காலம் அவருக்கு இன்னும் மறக்கவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பார்சலில் எழுதிய விலாசம் இருந்தது. பொன்மலை ரயில்வே குவார்ட்டர்ஸ், ரோசரி. கேள்விகளை பஸ்ஸிலேயே தயார் பண்ணிக்கொண்டு போனேன். துண்டுகளை எண்ணிப் போட்டவள் நான்.

கதவைத் திறந்தது ரோசரியேதான், ரயில்வே ஒர்க்‌ஷாப் நீலச் சட்டையில் இருந்தார். ஷிப்ட் முடிந்து வந்த களைப்பு. யாரென்று சொன்னதும் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஓனரம்மாவே நேர்ல வந்துட்டீங்களா? மிச்சத் துண்டு எங்க?"

குறையவே குறையாது, தைத்ததைக் காட்டுங்கள் என்று நின்றபடியே சண்டைக்குத் தயாரானேன். அவரும் சளைக்காமல் முனகிக்கொண்டே போய், கட்டில்மேல் மடித்து வைத்திருந்ததை எடுத்து உதறி விரித்தார்.

கிட்டே போய்க் குனிந்து பார்த்தேன்.

நான் அனுப்பியது மஞ்சள் துணியில் கருநீலத் தாமரை பூத்த குளம். இதில் தாமரை கீழே ஓர் ஓரமாக ஒதுங்கியிருந்தது. அதற்கு மேலே பாதி வரை இருட்டு ஆறு. கருநீலத் துணியில் இதழ் இதழாக ஓட்டைகள். ஒவ்வொரு ஓட்டைக்குள்ளும் அடியில் இருந்த மஞ்சள் எரிந்தது. இதழை மடித்துத் தைத்தால் சின்னதாகும். ஓட்டையின் ஓரத்தை மடித்தால் ஓட்டை பெரிதாகும். அதனால் அந்த விளக்குகள் என் பூக்களைவிடப் பெரிதாக இருந்தன. ராத்திரி ரயில் பாலத்தைத் தாண்டும்போது தண்ணீரில் ஸ்ரீரங்கத்து வெளிச்சம் நடுங்குமே, அது. நான் அதே பாலத்தில் போனைப் பார்த்துக்கொண்டு எத்தனையோ முறை போயிருக்கிறேன்.

பாதிக்கு மேல் வெறும் மஞ்சள். ஆறு அங்கேயே அறுந்து நின்றது.

அப்போதுதான் புரிந்தது. வளையம் உடையாமலிருக்க, பூ வெட்டியது போக மிஞ்சும் துணியைச் சுருட்டிப் பெட்டியில் அடைப்பேன். அவர் அதையும் கிட்டோடு சேர்த்திருக்கிறார்.

"அக்கா, இது துண்டே இல்ல. பெட்டி குலுங்காம இருக்க அடைச்ச வேஸ்ட்டு."

"எது வேஸ்ட்டு? காட்டு."

விரலை நீட்டினேன். எந்த இடத்தில் வைப்பது என்று தெரியாமல் மடக்கிக்கொண்டேன்.

அவர் சிரித்தார். வேஸ்ட் துணி எதுவென்று தனக்குத் தெரியாதா, தினம் கிரீஸ் துடைப்பதே அதில்தானே என்றார். தாளில் இல்லாத துண்டு வந்ததால், தாள்தான் தப்பென்று அதை மடித்து ஜன்னலுக்கு முட்டுக் கொடுத்துவிட்டாராம். ஆற்றின் மிச்சம் வந்தால்தான் புகாரைத் திரும்ப எடுப்பேன் என்று கறாராகச் சொல்லிவிட்டார்.

மிச்ச ஆறு என் மாடிப்படிக்கு அடியில் சாக்கில் கிடந்தது. லாரி ஷெட் அற்புதசாமி அன்று சாயங்காலம் எடுத்துப் போவதாக ஏற்பாடு. அங்கேயே நின்று போன் போட்டேன்.

"அண்ணே, சாக்கைத் தொட்றாதீங்க."

"ஏம்மா, கை துடைக்கிற துணிதானே?"

"இல்லண்ணே," என்றேன்.

மறுநாள் சாக்கை மடியில் வைத்துக்கொண்டு பொன்மலைக்குப் போனேன். ரோசரி அக்கா அதைத் தரையில் கொட்டி, ஓட்டைகளை ஒவ்வொன்றாக ஜன்னலுக்கு எதிரே தூக்கிப் பார்த்தார். என் கையில் ஒரு ஊசியைக் கொடுத்து நூல் கோக்கச் சொன்னார். புகாரைப் பற்றி நான் பேச்சே எடுக்கவில்லை. வெள்ளிக்கிழமை காலையில் அதை அவரே எடுத்துவிட்டு, என் கடைப் பக்கத்தில் குயில்ட்டின் படத்தைப் போட்டிருந்தார். மத்தியானத்துக்குள் முதல் ஆர்டர் வந்தது.

பூ வேண்டாமாம். ஓட்டை மட்டும் அனுப்பச் சொல்லியிருந்தார்கள்.